நிலவை எந்த முனையில் மாட்டுவது? குற்றத் தொடரின் இரவுச் சண்டை உருவாகும் விதம்

திரைக்கதைத் தாளில் அது நான்கே வரி. இரவு, வெளிப்புறம், கிடங்குச் சந்து. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவனைத் துரத்துகிறார். அவன் திரும்பி நின்று அடிக்கிறான். ஜீப் வந்து சந்து வாயை மறிக்கிறது. எழுதியவருக்கு ஐந்து நிமிட வேலை. எடுப்பவர்களுக்கு ஒரு முழு இரவு, கணக்கு தப்பினால் இரண்டு.

இரவுப் படப்பிடிப்பு என்றதும் இருட்டுதான் தொல்லை என்று தோன்றும். ஆனால் இன்றைய கேமராக்களுக்கு இருட்டு பெரிய விஷயமே இல்லை. நேரத்தைத் தின்பது வேறு ஒன்று: திரையில் நிலவொளியாகத் தெரிவதற்காக ஒரு பக்கம் மாட்டிய பெரிய விளக்கை மறுபக்கத்துக்குக் கொண்டுபோவது. எந்த ஷாட் முதலில், சண்டை எந்தத் திசையில் நகர வேண்டும், தரையை எதுவரை நனைக்கலாம், ஜீப் எங்கிருந்து வர வேண்டும் எல்லாமே அந்த ஒரு விளக்கின் இடத்தைப் பொறுத்தவை. அதைப் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே முடிவு செய்துவிட்ட யூனிட் விடியுமுன் பேக்கப் சொல்லும். அன்று இரவு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற யூனிட் பால் வண்டி வரும்போதும் லைட் கட்டிக்கொண்டிருக்கும்.

பேச வசதியாக ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம். வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பார்க்கக் கிடைக்கிற மாதிரி ஒரு சந்து. 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். இரு பக்கமும் கிடங்குச் சுவர். தெற்கு முனையில் டீக்கடை, வடக்கு முனை மெயின் ரோட்டில் திறக்கிறது.

கையில் இருப்பது எத்தனை மணி நேரம்

மாலை 6.15-க்குச் சூரியன் மறைகிறது என்று கொள்வோம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். மறைந்த பின் வானத்தில் நீலம் தங்குவது ஏறக்குறைய 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தை வீணாக்குவது பெரிய தவறு. சந்தின் முழு அகலத்தையும் கூரை விளிம்புகளையும் காட்டும் அகன்ற ஷாட்டை அப்போதே எடுத்துவிட்டால், கறுத்த வானத்தில் கரைந்துபோகும் கட்டடங்கள் தனியாகத் தெரியும். பிறகு நிறம் சரிசெய்யும்போது ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்தால் அது நள்ளிரவு. இதற்கு நடிகரும் கேமராவும் 5.45-க்கே நின்ற இடத்தில் தயாராக இருக்க வேண்டும். அந்த ஷாட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு மறுநாள்தான்.

6.45-க்கு முழு இருட்டு. அதிகாலை 5 மணிக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். பத்தேகால் மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி. விளக்கு மாற்ற, ஒத்திகை பார்க்க, சண்டைக்காரர்களுக்கு ரோப் கட்ட, தரையை மறுபடி நனைக்க என்று இரண்டரை மணி. மிஞ்சுவது ஆறே முக்கால் மணி நேரம். சாதாரண ஷாட்டுக்கு 20 நிமிடம், விழுவது, உடைவது, வண்டி வருவது போன்றவற்றுக்கு 45 நிமிடம் வைத்தால், நான்கு பெரிய ஷாட்டும் பத்துப் பதினொரு சின்ன ஷாட்டும் கிடைக்கும். மூன்று நிமிடச் சண்டைக்கு எடிட்டர் கேட்பது அறுபது, எழுபது வெட்டு. அதனால்தான் இரண்டு கேமரா. அதிலும் இரண்டையும் எதிரெதிராக வைப்பது இரவில் நடக்காது, ஒன்றின் விளக்கு மற்றதன் ஃப்ரேமில் வந்துவிடும். ஒரே பக்கத்தில் ஒன்று அகன்ற லென்ஸோடு, இன்னொன்று 85 அல்லது 100 மி.மீ. லென்ஸோடு நிற்கும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் ஒரு தடவை, இரவு 11 மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். பகலில் கண்ணுக்குப் படாத பல விஷயங்கள் இரவில் தெரியும். எந்தத் தெருவிளக்கு எரிகிறது, எது கண் சிமிட்டுகிறது, எதிர் மாடியில் யார் வீட்டு பல்ப் ஃப்ரேமுக்குள் வருகிறது, எத்தனை நாய்கள், லாரிகள் எத்தனை மணிவரை போகின்றன. மேலே போகும் மின்கம்பியின் உயரத்தை மட்டும் பகலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், கிரேன் நிற்கும் இடத்தை அது தீர்மானிக்கும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபெல். ஆகவே 10 மணிக்கு மேல் மைக்கில் கத்தும் உதவி இயக்குநருக்கு வேலை இல்லை, வாக்கி-டாக்கிதான். போலீஸ் அனுமதியும் மாநகராட்சி அனுமதியும் கையில் இருந்தாலும், அந்தத் தெருக்காரர்களிடம் முந்தின நாள் மாலையே போய்ச் சொல்லிவிட்டு வருகிற புரொடக்‌ஷன் மேனேஜர்தான் இரவு ஒரு மணிக்கு யூனிட்டைக் காப்பாற்றுவார்.

நிலவு

முழு நிலவு தரையில் தருவது ஏறக்குறைய கால் லக்ஸ் வெளிச்சம் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ்). ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 800, டி 2 (லென்ஸ் திறப்பு, எண் கூடக் கூட ஒளி குறையும்), நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்றால், சரியான அளவுக்கு வேண்டியது 60 லக்ஸ். சோனி வெனிஸ் கேமராவின் இரண்டாவது அடிப்படை அளவான 2500-க்குப் போனால் 20 லக்ஸ் போதும். எஃப்எக்ஸ் 6-இன் 12,800-இல் 4 லக்ஸ். அந்த 12,800-இல் கூட நிலவு நான்கு ஸ்டாப் குறைவு. திரையில் நாம் பார்க்கும் நிலவெல்லாம் கிரேனில் தொங்குவதுதான்.

நிறத்திலும் ஒரு வழக்கம் ஊறிவிட்டது. நிலவொளி என்பது திரும்பி வரும் சூரிய ஒளி. அளந்தால் 4100 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் கூடக் கூட நீலம்) அருகே, சூரியனைவிடச் சற்று மஞ்சள்தான். மங்கலில் நம் கண் நீலத்துக்குக் கூடுதலாகவும் சிவப்புக்குக் குறைவாகவும் பதில் சொல்வதால் நிலவு நீலமாகத் தோன்றுகிறது. சினிமா அதைப் பிடித்துக்கொண்டு தேவைக்கு மேல் நீலமாக்கியது. கேமராவை 4300 கெல்வினில் வைத்து 5600 கெல்வின் விளக்கை எரித்தால் மிதமான நீலம் வரும். 3200-இல் வைத்தால் பழைய பேய்ப்பட நீலம். குற்றத் தொடருக்கு முதலாவது போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இந்த விளக்கு ஏன் பெரிதாக, தொலைவில், உயரத்தில் இருக்க வேண்டும்? வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 5 மீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருக்கிறது, அடி வாங்கியவன் தடுமாறி இரண்டரை மீட்டர் அதை நோக்கி வருகிறான் என்றால் அவன்மேல் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் ஏறிவிடும். முகம் வெளுத்துப்போகும். அதே விளக்கு 30 மீட்டர் தள்ளி இருந்தால் அதே இரண்டரை மீட்டருக்குக் கால் ஸ்டாப்தான் மாறும், யாருக்கும் தெரியாது. சண்டையில் ஆட்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால்தான் 18 கிலோவாட் எச்.எம்.ஐ. (பகலொளி நிறத்தில் எரியும் சினிமா விளக்கு) ஒன்றை 15 மீட்டர் உயரத்தில், சந்து முனைக்கு வெளியே மாட்டுகிறார்கள். நான்கு சின்ன விளக்குகளைச் சந்துக்குள்ளேயே வைத்தால் வாடகை குறையும், நிழல் நான்காகும்.

எந்த முனை? கேமரா பார்க்கும் திசையின் கடைசியில். வடக்கு முனையில் நிலவை மாட்டி வடக்கு நோக்கி எடுத்தால், ஆட்களின் தலை, தோள், முழங்கை ஓரங்களில் வெள்ளிக்கோடு விழும். கறுப்பிலிருந்து கறுப்பு பிரியும். ஈரத்தரை பளபளக்கும், புகையும் மழையும் தெரியும். மழைத்துளி பின்னொளியில் மட்டுமே கண்ணுக்குப் படும், முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழைக்காகக் கொண்டுவந்த லாரித் தண்ணீரெல்லாம் வீண். தெற்கு நோக்கித் திரும்பினால் அதே நிலவு முன்னொளியாகி எல்லாம் சப்பையாகிவிடும்.

ஆனால் சண்டை என்றால் எதிர்த்திசையிலிருந்து எடுக்கும் ரிவர்ஸ் ஷாட் வேண்டுமே. மூன்று வழி உண்டு. கிரேனை மறுமுனைக்கு ஓட்டுவது: ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் போகும். இரண்டு முனையிலும் மாலையே ஒவ்வொரு விளக்கைக் கட்டி, தேவைப்படும்போது ஒன்றை எரிப்பது: நேரம் மிச்சம், செலவு இரட்டிப்பு. மூன்றாவது, தொலைக்காட்சி யூனிட்டுகள் பெரும்பாலும் செய்வது: கேமராவைத் திருப்பாமல் ஆட்களைத் திருப்புவது. கிடங்குச் சுவர் இரு பக்கமும் ஒரே மாதிரிதான். பின்னணியில் நின்ற தண்ணீர் டிரம்களை எடுத்துவிட்டு ஒரு டாடா ஏஸ் வண்டியை நிறுத்தி, நடிகர்களை இடம் மாற்றி நிறுத்தினால், இடுப்புக்கு மேலான ஷாட்டில் அது தெற்கு என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பார்வைத் திசை மட்டும் தப்பாமல் இருக்க வேண்டும். இடப்பக்கம் பார்த்தவன் இடப்பக்கமே பார்க்கணும், இதைக் கவனிப்பது கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநரின் தலையாய வேலை. டீக்கடை தெரியும் உண்மையான தெற்கு ஷாட்டுகளை ஒன்றாகச் சேர்த்துச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின்னால் வைத்தால், எல்லோரும் சாப்பிடும் நேரத்திலேயே லைட்மேன்களில் ஒரு பிரிவு வேலையை முடித்துவிடும். அவர்களுக்கு முன்னதாகவே சாப்பாடு போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பல இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

நிலவு ஒன்று மட்டும் இருந்தால் படம் எஃகு மாதிரி இருக்கும். டீக்கடைக் குழல்விளக்கின் லேசான பச்சை, கிடங்கு வாசலில் தொங்கும் மஞ்சள் பல்ப், மெயின் ரோட்டின் தெருவிளக்கு எல்லாம் சேர்ந்துதான் அது ஊராகும். சோடியம் விளக்குகளின் ஆரஞ்சு இப்போது நகரங்களில் அருகிவிட்டது, வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. கதை 15 வருஷத்துக்கு முன்னால் நடக்கிறது என்றால் இதைக் கவனிக்க வேண்டும். எல்.இ.டி. ட்யூபில் 2000 கெல்வின் வைத்தால் சோடியம் சாயல் வரும், முழுதும் அதே நிறம் வராது. சோடியம் தெருவிளக்கில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் மேலோங்கும், அதன்கீழ் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் நிறம் மங்கித்தான் தெரியும். நீலநிலவில் இன்னொரு சங்கடம், ரத்தம். பகலில் சரியாகத் தெரிந்த கலவை இங்கே தார் மாதிரிக் கறுக்கும். மேக்கப்காரர் இரண்டு பங்கு வெளிறிய சிவப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். உடையிலும் அதே கதை. கறுப்புச் சட்டை போட்ட வில்லன் கறுப்புச் சுவர்முன் காணாமல் போவான். காக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. மங்கலிலும் தெரியும், பிரகாசத்திலும் வெளுக்காது. போலீஸ் கதைகளுக்கு ஒளிப்பதிவாளர்கள் மனதுக்குள் நன்றி சொல்லும் நிறம் அது.

மின்சாரம், கிரேன்

18 கிலோவாட் விளக்கு, அதற்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் பாலாஸ்ட் பெட்டியின் இழப்பையும் சேர்த்து, 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 87 ஆம்பியர் இழுக்கும். அதோடு இரண்டு 4 கிலோவாட், டீக்கடைக்குள் ட்யூபுகள், புகை மெஷின், மானிட்டர்கள் என்றால் மொத்தம் 30 கிலோவாட் அருகே. 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 50 கிலோவாட் தரும், நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏற்றாமல் வைப்பது நல்லது. பெரிய விளக்கை ஒரு ஃபேஸில் தனியே விட்டு, மற்றவற்றை மீதி இரண்டில் பிரிக்க வேண்டும். சத்தத்துக்காக ஜெனரேட்டரை அடுத்த தெருவில் நிறுத்தினால் 100 மீட்டர் கேபிள் ஆகும், மெல்லிய கேபிள் போட்டால் முனையில் வோல்ட்டேஜ் விழுந்து விளக்கு அணையும். அணைந்த எச்.எம்.ஐ. உடனே திரும்ப எரியாத ரகமும் உண்டு, ஆறவிட்டு ஏற்றினாலும் நிறமும் வெளிச்சமும் நிலைக்குவர சில நிமிடம் பிடிக்கும். எனவே ஷாட்டுக்கு ஷாட் அணைத்து டீசல் மிச்சம் பிடிக்க நினைப்பது மடமை.

தரையை நனைக்கிற இரவில் 30 மில்லி ஆம்பியரில் அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாமல் தண்ணீரைத் திறக்கவே கூடாது. இணைப்புகள் தரையில் கிடக்காமல் மரப்பெட்டிமேல் ஏறியிருக்க வேண்டும். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் கம்பி.

கிரேன் விஷயத்தில் சமாதானம் பேச இடமில்லை. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ஒரு தமிழ்ப் படத்தின் வேலை நடந்தபோது, விளக்கு தாங்கிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். விளக்கு தூக்கும் கிரேன் என்றாலே கேட்க வேண்டியவை சில: அந்த நீட்டலில் அதன் தாங்கும் எடை எவ்வளவு என்ற அட்டவணை, நான்கு கால்களின் கீழும் கெட்டித் தரை உண்டா, சாக்கடை மூடி ஏதும் அடியில் இருக்கிறதா, கை விழக்கூடிய வட்டத்துக்குள் யாராவது டென்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா. கடைசிக் கேள்விதான் அடிக்கடி விட்டுப்போகிறது. ஆள் ஏறும் பூம் லிஃப்ட்டுகள் பலவற்றில் கூடைக்கு 230 கிலோ, காற்றுக்கு நொடிக்கு 12.5 மீட்டர் என்று வரம்பு போட்டிருப்பார்கள். அந்தக் காற்று வரம்பு வெறும் கூடைக்கு. விளக்குமுன் துணி ஃப்ரேம் கட்டினால் அது பாய்மரம் மாதிரி, வரம்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

மினுக்கு

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் தரம் குறைந்த எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண் பார்க்காது, கேமரா பார்க்கும். ஷட்டர் நேரம் 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று நொடியாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சம அளவு ஒளி கிடைத்து மினுக்கு மறையும். ஒளிபரப்புக்கு நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் 180 டிகிரி ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாதி நேரம் திறந்திருப்பது) தானாகவே பொருந்தும். ஓ.டி.டி.க்கு 24-இல் எடுப்பவர்கள் 172.8 டிகிரி வைக்க வேண்டும். சண்டையை விறுவிறுப்பாக்க ஃபைட் மாஸ்டர்கள் 22 ஃப்ரேம் கேட்பார்கள், அப்போது 158.4 டிகிரி. ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேம் என்றால் 180. இந்த எண்களை கேமரா உதவியாளர் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருப்பார். 100 ஃப்ரேமுக்கு மேல் கேட்டால் கணக்கு உதவாது. டீக்கடை விளக்கைக் கழற்றிவிட்டு மினுக்காத ட்யூப் மாட்டுவதே வழி. போலீஸ் ஜீப்பின் சிவப்பு-நீல விளக்கு தனிரகம், அதை முன்கூட்டியே கேமராவில் பார்க்காமல் நம்பக் கூடாது.

ஆள் நகர நகர லென்ஸின் தெளிவைச் சரிசெய்துகொண்டே இருக்கும் ஃபோகஸ் புல்லருக்கு இரவு கொடுமையானது. 50 மி.மீ. லென்ஸ், டி 2, மூன்று மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 35 சென்டிமீட்டர். குத்து விடுகிறவனின் கை நீட்டம் அதைவிட அதிகம். டி 4-க்குப் போனால் 70 சென்டிமீட்டர் கிடைக்கும், ஆனால் வெளிச்சம் நான்கு மடங்கு வேண்டும். சண்டைக்கு டி 2.8, வசன நெருக்கத்துக்கு டி 2 என்று வைத்துக்கொள்வது நடைமுறைச் சமரசம்.

அடி, வழுக்கல், பிரேக்

அடி விழுவதில்லை. முஷ்டிக்கும் முகத்துக்கும் ஒரு சாண், சில சமயம் இரண்டு சாண் இடைவெளி. அடிப்பவனுக்குப் பின்னாலோ வாங்குபவனுக்குப் பின்னாலோ கேமரா நின்றால் அந்த இடைவெளி மறையும், நீண்ட லென்ஸ் அதை இன்னும் சுருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பின்னொளி இங்கே பகையாகவும் மாறும். முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே வெள்ளிக்கோடு தெரிந்தால் அடிபடவில்லை என்பது அப்பட்டம். அந்தக் குறிப்பிட்ட அடிக்குப் பின்னணி இருட்டாக இருக்கும்படி ஆளை அரை அடி நகர்த்துவார்கள்.

ஃபைட் மாஸ்டருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் ஒவ்வொரு இரவும் நடக்கும் வழக்கு ஈரத்தரை. ஒருவருக்குப் பளபளப்பு வேண்டும், மற்றவருக்கு ஃபைட்டர்களின் முழங்கால் வேண்டும். தீர்வு எளிது. பின்னணியையும் கேமராவுக்கு முன்னால் உள்ள தரையையும் நனைத்து, நடுவில் சண்டை நடக்கும் பட்டையைக் காயவிடுவது. தாழ்ந்த கோணத்தில் அந்தக் காய்ந்த பட்டை தெரியாது. அதையும் நனைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் பழைய ஆயிலும் மண்ணும் போகக் கழுவ வேண்டும். நீர் மட்டுமல்ல, நீரோடு சேரும் எண்ணெய்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அடிப்பாகம் ரப்பர் வைத்த ஷூ, அதே மாதிரி இன்னொரு ஜோடி காய்ந்ததாக.

ஒத்திகை முதலில் மாலை வெளிச்சத்தில் அரை வேகத்தில், பிறகு இரவில் எல்லா விளக்கும் எரியும்போது முழுவதும் ஒரு தடவை. இரண்டாவதை விடக் கூடாது. 18 கிலோவாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவனுக்குச் சில நொடிகள் எதிரே எதுவும் தெரியாது. அந்தச் சில நொடியில்தான் அவன் மாடியிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் குதிக்க வேண்டியிருக்கும். குதிக்கும் விளிம்பிலும் விழும் படுக்கையின் ஓரங்களிலும் கேமராவுக்குத் தெரியாத பக்கமாக வெள்ளை டேப் ஒட்டுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

ஜீப் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் நொடிக்கு 11 மீட்டர். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும், ஈரத்தில் 16 மீட்டர் வரை ஆகும். ஓட்டுநர் உணர்ந்து மிதிக்க எடுக்கும் ஒரு நொடிக்கு இன்னும் 11 மீட்டர். ஆக 27 மீட்டர், சந்தின் நீளத்தில் பாதி அளவு. அதனால் ஜீப் 25-க்கு மேல் போகாது. வேகத்தைத் தருவது தரையோரம் வைத்த அகன்ற லென்ஸும் 22 ஃப்ரேமும்தான். ஓட்டுநரின் கண்மட்டத்தில் எந்த விளக்கும் அவரைப் பார்த்து இருக்கக் கூடாது. நமக்கு வெள்ளிக்கோடு தரும் அதே நிலவு எதிரே வந்தால், குறுக்கே நிற்கும் ஆள் அவருக்கு வெறும் நிழல். ஆகவே ஜீப் நிலவுக்கு முதுகு காட்டி, வடக்கு முனையிலிருந்து உள்ளே வருகிறது. ஹெட்லைட் கேமராவைச் சுட்டால் கண்ணாடிக்கு உள்ளே ஒளி குறைக்கும் ஷீட் ஒட்டுவார்கள். ஒட்டியபின் ஓட்டுநருக்குப் பாதை தெரிகிறதா என்று அவரிடமே கேட்க வேண்டும், பல பேர் கேமராவிடம் மட்டும் கேட்கிறார்கள்.

துப்பாக்கிக்கு இங்கே பெரும்பாலும் டம்மிதான், நெருப்பு கணினியில் வரும். அது சரியான போக்கு. வெற்றுத் தோட்டாவும் கொல்லும். 1984 அக்டோபரில் ஓர் அமெரிக்கத் தொடரின் செட்டில் நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் வெற்றுத் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டு இறந்தார். டம்மியில் குறைவது ஒன்றுதான், சுடும்போது முகத்திலும் சுவரிலும் விழ வேண்டிய வெளிச்சம். சின்ன எல்.இ.டி. பேனல் ஒன்றை இரண்டு ஃப்ரேம் நேரம் பளிச்சிட வைத்தால் கணினி நெருப்பு நம்பும்படி உட்காரும். ஒரு ஃப்ரேமைவிடக் குறுகிய பளிச்சு ஆபத்து. ஷட்டர் மூடிய நேரத்தில் விழுந்தால் பதிவே ஆகாது, படத்தை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் கேமராவில் பாதி ஃப்ரேம் வெளுத்துப் பாதி இருண்டு பட்டையாக நிற்கும்.

இரவும் வெடியும் வாகனமும் சேரும்போது யார் நிறுத்தச் சொல்லலாம் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும். 1982 ஜூலை 23, அதிகாலை 2.20. கலிஃபோர்னியாவின் இந்தியன் டியூன்ஸில் ஒரு படத்துக்காகத் தாழப் பறந்த ஹெலிகாப்டரின் வால்பகுதியை வெடித்தீ தாக்கி, அது கீழே விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். குழந்தைகளை இரவில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியை மீறித்தான் அவர்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தார்கள். நம் கிடங்குச் சந்தில் ஹெலிகாப்டர் இல்லை. ஆனால் அதிகாலை இரண்டு மணிக் களைப்பும், இன்னும் ஒரே ஒரு டேக் என்ற அவசரமும் எல்லாச் சந்திலும் உண்டு. ஆபத்தான ஷாட்டை நள்ளிரவுக்கு முன்னால் வைப்பவர் நல்ல இணை இயக்குநர்.

பூச்சி, புகை, ஆவி

மழைக்கு மறுநாள் இரவு ஈசல் வரும். நீலமும் புற ஊதாவும் கலந்த எச்.எம்.ஐ. ஒளி அவற்றுக்கு விருந்து அழைப்பு. லென்ஸ்முன் ஒன்று பறந்தாலும் ஃப்ரேம் போச்சு. சந்துக்கு வெளியே 30 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை விளக்கை ஷாட்டுக்கு அரை மணி முன்பே எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும், முழுதும் போகாது. கேமராவை ஏ.சி. வேனிலிருந்து எடுத்தவுடன் சென்னைப் புழுக்கத்தில் லென்ஸ் ஆவி பிடிக்கும், 20 நிமிடம் பெட்டியோடு வெளியில் வைத்துப் பழக்க வேண்டும்.

புகைக்குக் காற்று பகை. கடலோரத்தில் மாலையில் கடலிலிருந்து வீசும் காற்று பின்னிரவில் ஓய்ந்து, தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். 8 மணிக்குச் சுகமாக நின்ற புகை 2 மணிக்கு எதிர்ப்பக்கம் ஓடும். சந்தின் இரு முனையிலும் ஒவ்வொரு மெஷின் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

மானிட்டரை நம்பாதே

இரவு இரண்டு மணிக்குக் கறுப்புத் துணி டென்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் குறைங்க சார்" என்பார். குறைப்பார்கள். அந்தக் காட்சியை ஒருவர் குழல்விளக்கு எரியும் ஹாலில், தூசி படிந்த டிவியில் பார்க்கும்போது ரிமோட்டைத் தேடுவார். 2019 ஏப்ரல் 28-இல் வெளியான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப்போர் அத்தியாயத்துக்கு 55 இரவு உழைத்தார்கள். எதுவுமே தெரியவில்லை என்ற புகார்தான் அதிகம் எழுந்தது. கேமராவில் இருந்த விவரம் வீட்டுக்குப் போகும் வழியில் அமுக்கப்படும்போது உதிர்ந்துவிடுகிறது. கறுப்புக்கு அடுத்துள்ள சாயல்களுக்கு ஒளிபரப்பில் ஒதுக்கப்படும் படிகள் மிகச் சொற்பம். அதில் புகையும் சேர்ந்தால் படம் கட்டம் கட்டமாகப் பிரியும்.

ஆகவே முகத்தின் ஒளிபட்ட பக்கத்தை ஒரு ஸ்டாப்புக்குமேல் குறைக்காமல், ஃப்ரேமில் எங்காவது ஒரு டீக்கடை பல்ப்பையோ ஹெட்லைட்டையோ நன்றாகப் பிரகாசிக்க விட வேண்டும். அது இருந்தால் மற்றதெல்லாம் இருட்டு என்று கண் தானாக ஒப்புக்கொள்ளும். அளவை, ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் ஒரு நிறம் காட்டும் மானிட்டரின் ஃபால்ஸ் கலரில் பார்க்க வேண்டும், கண்ணால் பார்க்கக் கூடாது. செட்டில் கொஞ்சம் கூடவே எடுத்து, நிறம் சரிசெய்யும் அறையில் இறக்கிக்கொள்வதே உத்தமம். இருட்டில் எடுத்ததை அங்கே ஏற்றினால் இரைச்சல் எறும்பு மாதிரி ஊரும். கடைசிப் பார்வையை வெளிச்சமுள்ள அறையில், சாதாரண டிவியிலும் ஒரு செல்போனிலும் பார்த்துவிட வேண்டும்.

அதிகாலை 4.30-க்கு மேல் அகன்ற ஷாட் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அந்த நேரம் துண்டு ஷாட்டுகளுக்கானது: தரையில் விழும் கைவிலங்கு, உடையும் டீ கிளாஸ், பிரேக் மிதிக்கும் பூட்ஸ். இவற்றுக்கு ஒரு ட்யூப் விளக்கும் கறுப்புத் துணியும் போதும், வானம் வெளுத்தாலும் கவலை இல்லை. கடைசியாக ஒலிப்பதிவாளர் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொல்லி, வெறும் சந்தைப் பதிவு செய்துகொள்வார். டப்பிங்கில் வரப்போகும் அத்தனை குத்துக்கும் அடியில் அந்தச் சத்தம்தான் ஓடும். காக்கை கரைவதற்கு முன்னால் அதை எடுத்தாக வேண்டும்.